நூல் நிற்காத படம்

போன ஐப்பசியில் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை செய்தோம். அம்மா போன பிறகு ஊரில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்பதால் சென்னையில் என் வீட்டில் மூன்று வாரம் தங்கினார். நானும் அவரும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று வாரம் இருந்தது 2006க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அந்த வருஷம்தான் நான் பொறியியல் படிக்க ஹாஸ்டலுக்குப் போனேன்.

எனக்கு ராத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. ஆபீஸ் வேலை முடிந்து, பையன் தூங்கிய பிறகு, லேப்டாப்பில் படம் போடுவேன். பென்சிலும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது. பத்துப் பதினைந்து வரி கோட்தான். ஆபீஸில் நான் எழுதும் கோட் பணப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கிறது. அங்கே எதிர்பாராதது எதுவும் நடந்துவிடக் கூடாது. ராத்திரி எழுதுவதில் எதிர்பாராதது எதுவும் நடக்கவில்லை என்றால் ஃபைலை அழித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

செய்வது இவ்வளவுதான். திரையில் 256க்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம். குறுக்கே எத்தனையாவது புள்ளி என்பதை ‘கு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எத்தனையாவது வரி என்பது ‘வ’. இரண்டுமே பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு புள்ளியிடமும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: நீ எரியணுமா, அணையணுமா? அந்தக் கேள்விக்கு ஒரு வரி கணக்கு போதும். கூட்டல், பெருக்கல் வைத்தும் கேட்கலாம். ஆனால் எண்களை பிட்டுகளாக உடைத்துக் கேட்டால்தான் விஷயம் வேறு மாதிரி ஆகிறது.

கணினிக்கு 5 என்பது 101. 3 என்பது 011. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டும் வேறு வேறாக இருந்தால் 1, ஒரே மாதிரி இருந்தால் 0 போடுங்கள். 110 வரும், அதாவது 6. இதன் பெயர் எக்ஸார், குறி ^. இரண்டு இடத்திலும் 1 இருந்தால் மட்டும் 1 போடுவது ஆண்ட், குறி &. 5 & 3 என்பது 001. பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு இடத்தில் கூட்டினால் அடுத்த இடத்துக்கு மிச்சம் போகும். இங்கே மிச்சம் கிடையாது. ஒவ்வொரு பிட்டும் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைச் செய்கிறது.

இப்போது (கு & வ) == 0 என்று கேளுங்கள். இரண்டு எண்ணுக்கும் பொதுவாக ஒரு 1கூட இல்லாத புள்ளிகள் மட்டும் எரியும். திரையில் முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் முக்கோணம் என்று வருகிறது. 1915இல் சியர்பின்ஸ்கி எழுதிய அதே முக்கோணம், கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. முக்கோணம் என்ற சொல்லே கோடில் இல்லை. காரணம் எளிது. சதுரத்தை நான்காக வெட்டினால் வலது கீழ்க் கால்பகுதியில் இரண்டு எண்ணுக்கும் மிகப்பெரிய பிட் 1. அதனால் அந்தக் கால்பகுதி முழுக்க இருட்டு. மற்ற மூன்றிலும் பெரிய பிட் பொதுவாக இல்லை, ஆகவே சின்ன பிட்டுகள்தான் முடிவு செய்யும். அதாவது அதே கேள்வி பாதி அளவில் மூன்று இடத்தில் கேட்கப்படுகிறது. அப்புறம் அதற்குள் மூன்று. இப்படியே ஒரு புள்ளிவரை இறங்கும்.

(கு ^ வ) % 9 என்று எழுதி, மீதி பூஜ்ஜியம் வரும் புள்ளிகளை அணைத்தால் ஏதோ தொலைந்துபோன நாகரிகத்தின் எழுத்து மாதிரி ஒன்று வரும். 9க்குப் பதில் 8 போட்டால் கடைசி மூன்று பிட்டு மட்டும் மிஞ்சும். எட்டுக்கு எட்டு கட்டம் திரும்பத் திரும்ப வந்து போரடிக்கும். 9 இரண்டின் அடுக்கு இல்லை. அதனால் எல்லா பிட்டுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு எண்ணை மாற்றினால் சுவரொட்டி பாதாளமாகிறது.

இது புது விளையாட்டும் இல்லை. எம்.ஐ.டி.யில் இருந்த பி.டி.பி-1 கணினியில் எக்ஸாரை வைத்து சதுரங்கள் ஒன்றையொன்று மென்று தின்பதுபோல் ஓடும் ஒரு காட்சியை 1962 வாக்கில் ஜாக்சன் ரைட் என்பவர் கண்டுபிடித்ததாகக் கருதப்படுகிறது என்று, 1972இல் அங்கிருந்து வந்த ‘ஹாக்மெம்’ குறிப்புத் தொகுப்பு சொல்கிறது. அங்கேயும் ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்தான். வரைந்தார் என்று இல்லை.

எனக்கு உறுத்தலாக இருந்ததும் அதுதான். இந்தப் படங்களை அவ்வப்போது இணையத்தில் போடுவேன். ஒருமுறை ஒருவர் கீழே எழுதினார்: “ஃபார்முலா ஏற்கெனவே இருக்கு, மெஷின் போடுது. இதுல நீ என்ன பண்ணுன?” பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அதற்குப் பிறகு நான் போடும் படங்களை என் படம் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

*

அப்பா செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சேலத்தில் இளம்பிள்ளைப் பக்கம். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அப்பா தறி ஓட்டியவர் இல்லை, தறிக்கு டிசைன் போட்டவர். சேலைக் கரையில் வரும் அன்னம், மாங்காய், கொடி எல்லாவற்றையும் முதலில் கிராப் தாளில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்புவார். பிறகு அதைப் பார்த்து அட்டை அடிப்பார். ஒரு ஊடை இழைக்கு ஒரு அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அந்தக் கொக்கி தூக்கும், பாவு இழை மேலே வரும். ஓட்டை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். நடுவில் நாடா ஓடும். அவ்வளவுதான். இருநூறு, முந்நூறு அட்டைகளைக் கயிற்றில் கோத்து மாலை மாதிரித் தொங்கவிட்டால் ஒரு கொடி முழுதாக நெய்து முடியும்.

லீவு நாட்களில் கிராப்பைப் படித்துச் சொல்வது என் வேலை. “மூணு எடு, ஒண்ணு விடு, ரெண்டு எடு, நாலு விடு.” அவர் இரும்புத் தட்டில் அட்டையை வைத்து, பஞ்சை நிறுத்தி, சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். ஒரு எண் தப்பாகச் சொன்னால் முழு அட்டையும் வீண். அட்டைத் துளையில் விழும் வட்டத் துணுக்குகளைப் பொறுக்கி கோலிக் குண்டு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன்.

பொறியியல் முதல் செமஸ்டரில் கணினி வரலாறு என்று ஒரு பாடம். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் துளை அட்டைத் தறி செய்தார், அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு அட்டையை எடுத்துக்கொண்டார் என்று பரீட்சையில் எழுதினேன். முழு மார்க். எங்கள் வீட்டு மச்சில் அந்த அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன என்பதை அந்த விடையோடு சேர்த்து நினைக்கவே இல்லை. அது ஏதோ பிரான்ஸ் சமாச்சாரம் என்றுதான் மனதில் பதிந்திருந்தது.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது எங்கள் தெருவுக்கு ஒரு டிசைன் சென்டர் வந்தது. ஒரு கம்ப்யூட்டர், தானாக அட்டை அடிக்கும் ஒரு மெஷின். அப்பாவுக்கு ஒரு வாரம் ஆகும் கிராப் அங்கே ஒரு மத்தியானத்தில் முடிந்தது. அப்போது ஹாஸ்டலிலிருந்து போனில் அவரிடம் உற்சாகமாகப் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “அந்த சாஃப்ட்வேர்ல எல்லாம் ஈஸிப்பா. அவுட்லைன் போட்டாப் போதும், உள்ள சாட்டின் எல்லாம் அதுவே நிரப்பிக்கும்.” சாட்டின் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கேயோ படித்ததைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ம், நல்லதுதான்” என்றார்.

கடைசி வருஷ ஃபீஸை அவர் பவர்லூமில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக் கட்டினார். அது அட்டையில் வந்த காசு இல்லை என்று அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அதற்கப்புறம் அவரிடம் என் வேலையைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அவரும் கேட்க மாட்டார். “வேலையெல்லாம் எப்படிப் போகுது?” “போகுதுப்பா.” பதினைந்து வருஷமாக இந்த இரண்டு வரிதான்.

*

அறுவை முடிந்த எட்டாவது நாள். தூக்கம் வராமல் எழுந்து வந்தவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் அப்போது இருந்தது மிகச் சாதாரணமான ஒன்று. (கு ^ வ) & 1. எக்ஸாரின் கடைசி பிட்டை மட்டும் எடுப்பது. சதுரங்கப் பலகை மாதிரிக் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை.

“சாதா நெசவு எதுக்குடா போட்டு வச்சிருக்க?” என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு திரையைப் பார்த்தேன். ஒரு பாவு மேலே, அடுத்தது கீழே. அடுத்த ஊடைக்கு மாற்றி. வேட்டி, பருத்திச் சட்டை, தலையணை உறை என நெசவில் மிகப் பரவலானது அதுதான். கு என்பது பாவு. வ என்பது ஊடை. ஐந்தாறு வருஷமாக ராத்திரி ராத்திரி நான் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தது கிராப் தாள்.

அவசரமாக முக்கோணத்தைத் திறந்து காட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அவர் பாட்டிலிலிருந்து சொட்டு மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா நூல் நிக்காது.”

“புரியலப்பா.”

“முதல் வரியப் பாரு. பூராவும் ஓட்டை. எல்லாப் பாவும் மேல போயிரும், ஊடை அடியில சும்மா கெடக்கும். எதையும் புடிக்கல. இந்த ஓரத்து இழை இருக்கே, மேல போனது எறங்கவே இல்ல. நடுவுல இம்மாம் பெரிய கறுப்பு. அங்கெல்லாம் நூல் மெதக்கும். வளையல் மாட்டுனா உருவிக்கிட்டு வந்துரும். இது படம்டா. துணி இல்ல.”

அப்புறம் பேப்பர் கேட்டார். பையனின் கணக்கு நோட்டைக் கொடுத்தேன். எட்டுக்கு எட்டு கட்டம் கட்டி, ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு புள்ளி வைத்தார். அடுத்த வரியில் மூன்று கட்டம் தள்ளி ஒன்று. எட்டாவது கட்டம் தாண்டினால் முதலிலிருந்து எண்ணிக்கொண்டார். முடித்தபோது எந்த வரியிலும், எந்த நெடுக்கிலும் ஒன்றுக்கு மேல் புள்ளி இல்லை, எங்கேயும் இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டும் இல்லை. “இதான் சாட்டின். உருவம் இருக்கிற எடத்துல பாவு மேல மெதக்கட்டும், ஆனா எட்டுக்கு ஒரு தடவ கீழ எறங்கிப் புடிக்கணும். உருவம் இல்லாத எடத்துல அப்படியே தலைகீழா. எட்டுக்கு ஒண்ணு மேல வரணும். அப்பத்தான் நூலு நிக்கும், உருவமும் தெரியும்.”

“ஏம்பா எட்டு?”

“அஞ்சுக்கு வரும். எட்டுக்கு வரும். ஆறுக்கு வராது. வச்சுப் பாரு, சாஞ்ச கோடாப் போயிரும்.”

வைத்துப் பார்த்தேன். ஆறோடு பொது வகுத்தி இல்லாத தாண்டல் 1, 5 இரண்டுதான். இரண்டும் புள்ளிகளை ஒட்டவைத்துச் சாய்கோடாக்கிவிடும். எட்டுக்கு 3 இருக்கிறது, 5 இருக்கிறது. எண் கோட்பாட்டில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. அதைக் கல்லூரியில் படித்தவன் நான். ஆறுக்குச் சாட்டின் வராது என்று தெரிந்தவர் அவர்.

கோடை எழுத ஆரம்பித்தேன். முதலில் படத்தைப் பெரிதாக்க வேண்டும்: ஒரு புள்ளிக்கு எட்டு இழை. இழை எண்ணை மூன்று பிட் வலப்பக்கம் தள்ளினால் எட்டால் வகுத்த மாதிரி. பதினாறுக்குப் பதினாறு புள்ளிப் படம், 128 பாவு, 128 ஊடை. சாட்டினுக்கு ((கு * 3 + வ) & 7) == 0. பிறகு அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன்: உருவம் இருந்து சாட்டின் புள்ளி இல்லையென்றால் எடு, உருவம் இல்லாமல் சாட்டின் புள்ளி இருந்தால் எடு. மற்றபடி விடு. எழுதி முடித்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் 1. அது எக்ஸார். நீளமான அந்த வரியை அழித்துவிட்டு ‘உருவம் ^ சாட்டின்’ என்று எழுதினேன். திரையில் அதே படம். முக்கோணங்கள் இப்போது பளபளப்பும் மங்கலுமாகத் தெரிந்தன. எங்கும் எட்டு இழைக்கு மேல் எதுவும் மிதக்கவில்லை.

“சாட்டின் எல்லாம் அதுவே நிரப்பிக்கும்” என்று போனில் சொன்னேனே, அது இதுதான். எதை நிரப்பும், எதற்காக நிரப்பும் என்று தெரியாமல் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார், “இந்த முக்கோணம் யாரு போட்டது?”

“யாரும் போடலப்பா. கணக்குலேர்ந்து அதுவே வருது.”

“அதெப்படி அதுவே வரும்? நீ எத்தன போட்டுப் பாத்த?”

“ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது.”

“எத்தன வச்சுக்கிட்ட?”

“மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு.”

“அப்ப நீ போட்டதுதான். நான் மட்டும் மாங்காயக் கண்டுபுடிச்சேனா?”

வேரா மோல்னார் என்று ஓர் ஓவியர். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர், நூறு வயதுக்குச் சில வாரங்களே இருந்தபோது 2023 டிசம்பரில் இறந்தார். 1968இல்தான் அவருக்குக் கணினி கிடைத்தது. அதற்குமுன் ஏறத்தாழ பத்து வருஷம் ‘கற்பனை இயந்திரம்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு, விதிகளை எழுதி, அதன்படி படிப்படியாகக் கையால் வரைந்துகொண்டிருந்தார். விதி என்ன கொடுக்கிறதோ அதையெல்லாம் போட்டுப் பார்ப்பது, அதில் எதை வைத்துக்கொள்வது என்பதைக் கண்ணால் முடிவு செய்வது. அவரைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்று ராத்திரி கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் கட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தபோதுதான் கற்பனை இயந்திரம் எப்படி ஓடும் என்று நேரில் தெரிந்தது. இணையத்தில் அந்தக் கேள்வி கேட்டவருக்கு எழுத ஒரு பதிலும் கிடைத்தது. எழுதவில்லை.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா மச்சிலிருந்து இரும்புத் தட்டை இறக்கி, துரு துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். தெருக்கோடியில் ஒரு கைத்தறி இன்னும் ஓடுகிறது. எனக்குப் பெரியப்பா முறை. அவருடைய பெட்டியில் கரைக்கு 240 கொக்கி. நமக்கு 128 போதும், மீதி 112க்குச் சாதா நெசவு கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். 128 அட்டை. படத்துக்கு மட்டும் 5,936 ஓட்டை. சாதா நெசவையும் சேர்த்தால் 13,104. என் ப்ரோகிராம் எண்ணிச் சொன்னது.

நான் பிரிண்ட் எடுத்துப்போன தாளைப் பார்த்துப் படித்தேன். “ஏழு எடு, ஒண்ணு விடு, ஏழு எடு, ஒண்ணு விடு.” அவர் அடித்தார். என் பையன் கீழே உட்கார்ந்து துணுக்குகளைப் பொறுக்கினான். “வாயில போட்டுக்காத சாமி” என்று அப்பா நாலு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பத்தி மூன்றாவது அட்டையில் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார்.

பெரியப்பா மாட்டி ஓட்டினார். துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “கோபுரம்னு போட்டீங்களா? ஒரு பக்கமாச் சாஞ்சுல்ல கெடக்கு” என்றார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு முக்கோணம். உள்ளே முக்கோணங்கள், வெளிச்சத்தில் திருப்பினால் மாறி மாறி மினுங்கின. கையால் தடவிப் பார்த்தேன். ஒரு இழைகூட நகத்தில் மாட்டவில்லை.

ஆனால் ஏதோ சரியில்லை. படம் நெட்டையாக இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், உயரம் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். திரையில் அது கச்சிதமான சதுரம். கோடில் எங்கே தப்பு என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

“இந்தத் தறிக்கு அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60,” என்றார் அப்பா. “ஊடை எட எட விட்டு விழும். அதான் நீண்டுருச்சு. அதுக்குத்தான் கிராப்ல கட்டமே நெட்டையா இருக்கும்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?”

“உன் தாளப் பாத்ததும் நெனச்சேன். கட்டமெல்லாம் சதுரமா இருக்கேன்னு. கம்ப்யூட்டர்ல எதாவது கணக்குப் பண்ணியிருப்பேன்னு விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அவருக்குத் தெரியும் என்று விட்டிருந்தேன்.

அவர் துணியை வாங்கி மடித்து என் கையில் கொடுத்தார். “சின்ன வயசுல நீ ஒருக்கா கேட்ட. கட்டம் ஏன் சதுரமா இல்லைன்னு.”

“கேட்டேனா? என்ன சொன்னீங்க?”

“உனக்கு எதுக்கு இது, போய்ப் படிக்கற வேலயப் பாருன்னு சொன்னேன்.”

பெரியப்பா தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். தெருவில் மற்ற தறிகளின் சத்தம் மட்டும். நான் லேப்டாப்பைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்தேன். 60க்கு 80 என்றால் நாலில் மூன்று. ஒரு புள்ளிக்கு எட்டு பாவு, ஆறு ஊடை வைத்தால் துணியில் சதுரமாக வரும். ஆறு இரண்டின் அடுக்கு இல்லை, பிட்டைத் தள்ளி வகுக்க முடியாது. ஊடைப் பக்கம் மட்டும் சாதாரண வகுத்தல் போட வேண்டும். மாற்றி எழுதினேன். அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“புள்ளிக்கு ஆறு ஊடையா?”

“ஆமாப்பா.”

“அப்ப 96 அட்டைதான்,” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் எண்ணி எடுக்க ஆரம்பித்தார்.